அப்பாவின் தகரப் பெட்டியில் மூன்று போஸ்டர்கள்

(‘பழைய பொருளைக் கட்டிக் காப்பது பாசமா, பைத்தியமா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கத்தில், ‘பாசமே’ அணியில் நெகிரி செம்பிலானைச் சேர்ந்த ஒரு சகோதரி ஆற்றிய உரை.)



எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். “படமே கைத்தொலைபேசியில் கிடைக்கிறது. கிழிந்த போஸ்டரை வைத்துக்கொண்டு என்னம்மா செய்வீர்கள்?” நல்ல கேள்வி. என் மகனும் இதையேதான் கேட்டான். அவனுக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் ரந்தாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா மரம் சீவினார். எங்கள் சிறு வயதில் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். வேனில் மெஷின் வரும். கூடவே போஸ்டரும் வரும். மாலை மூன்று மணிக்கே அது கடை வாசலில் தொங்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மாக்கள் சீக்கிரமாக உலை வைப்பார்கள். இந்த நாட்டில் 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தது. ஆனால் எங்கள் லயத்தில் பல வருஷத்துக்குப் படம் என்றால் திடல்தான். வீடியோ வந்த பிறகுதான் அந்தத் துணியை மடித்து வைத்தார்கள்.

வேன்காரருக்கு அப்பா ஒத்தாசை செய்வார், கம்பம் நடுவார், ஒயர் பிடிப்பார். கூலி கிடையாது. எப்போதாவது ஒரு போஸ்டர் கொடுப்பார்கள். அப்படிச் சேர்ந்தவை மூன்று. எம்.ஜி.ஆர். தானே தயாரித்து இயக்கிய 1958-ன் ‘நாடோடி மன்னன்’, 1961-ன் ‘பாசமலர்’, 1965-ன் ‘திருவிளையாடல்’. எட்டாக மடித்துத் தகரப் பெட்டியில் அந்துருண்டையோடு வைத்திருந்தார். தோட்டம் வீடமைப்புக்குப் போனபோது லயத்தை இடித்தார்கள். ஒரு லாரியில் எங்கள் சாமான் எல்லாம் அடங்கிவிட்டது. அந்தப் பெட்டியை மட்டும் அப்பா மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அப்பா போன பிறகு பெட்டியைப் பிரித்தோம். ‘நாடோடி மன்னன்’ எனக்கு, மற்ற இரண்டும் அண்ணனுக்கு. மடிப்பில் எல்லாம் காகிதம் விட்டுப்போயிருந்தது. மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம் அது. அதிலேயே அமிலம் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் கெடுக்க வேண்டாம், தானே பழுத்து, தானே உடையும்.

அண்ணன் நல்ல மனதோடு ஒன்றை என்னிடம் கொடுத்தார். “நீதான் கைவேலைக்காரி, சரி பண்ணிக் கொடு” என்றார். எந்தப் படம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ‘பாசமலர்’. (அரங்கில் சிரிப்பு)

போஸ்டருக்குப் பின்னால் துணி ஒட்டிப் பலப்படுத்தும் முறை புதிதல்ல. அந்தக் காலத்தில் கப்பல் வரைபடங்களைத் துணியில்தான் ஒட்டினார்கள். ஐரோப்பாவில் நூறு வருஷத்துக்கு முன்பே போஸ்டருக்கும் செய்தார்கள். நான் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத் துணிந்துவிட்டேன். தண்ணீரில் நனைத்து அழுக்கு எடுத்து, துணியில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். தட்டில் தண்ணீர் ஊற்றிப் போஸ்டரை இறக்கினேன். தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. அதுவரை சரி. பிறகு தலைப்பு எழுத்திலிருந்து சிவப்பு கிளம்பியது. கையைக் காலை ஆட்டி வெளியே எடுப்பதற்குள் முகமெல்லாம் சிவப்பு.

அது கூடப் பரவாயில்லை, ஐயா. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஊதா மையில் நான்கு வரி இருந்திருக்கிறது. அண்ணன் பிறந்த பிறகு அம்மா முதன்முதலாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு வந்து பார்த்த படம் அது. அந்தத் தேதியை அப்பா எழுதி வைத்திருந்தார். அப்பா தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். சம்பளப் புத்தகத்தில் கைநாட்டுத்தான் வைப்பார். அவர் எழுதியது என்று எங்களிடம் இருந்தது அந்த நான்கு வரி. அண்ணனுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது. நான் திருப்பியே பார்க்கவில்லை.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார். தீபாவளிக்கு அண்ணி மட்டும் போன் பண்ணுவார்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். இரண்டு வருஷம் சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளையும் பழைய காலண்டரையும் வைத்துப் பழகினேன். இதைக் கேட்கும் யாராவது வீட்டில் செய்து பார்க்கலாம் என்பதால் சொல்கிறேன்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். துணி ஒட்டினால் பின்பக்கம் நிரந்தரமாக மறைந்துவிடும். கையெழுத்தோ முத்திரையோ இருந்தால் படம் எடுத்து வைத்துவிட்டு யோசியுங்கள். ஒட்டாமல் விடுவதே பல நேரம் நல்லது. அடுத்து, ஒவ்வொரு நிறத்திலும் ஓர் ஓரத்தில் ஈரப் பஞ்சை மெல்ல ஒற்றுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அந்தப் போஸ்டரைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பென்சில் எழுத்து தாங்கும். பேனா மை தாங்காது.

பசைக்குப் பள்ளிக்கூடக் கோந்து வேண்டாம். கோதுமை மாவும் வேண்டாம், அதில் இருக்கும் பசைச்சத்து பூச்சியைக் கூப்பிடும். கோதுமையின் மாவுச்சத்து மட்டும் வேண்டும். எங்கே கிடைக்கும் என்று நான் தேடாத இடமில்லை. கடைசியில் சிரம்பானில் கேக் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. சீனர்கள் இறால் கொழுக்கட்டைக்குக் கண்ணாடி மாதிரி மேல்தோல் செய்வார்களே, அந்த மாவு. தாங் மியென் என்று கேட்டால் கொடுப்பார்கள். சிலவற்றில் மரவள்ளி மாவு கலந்திருக்கும், பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். கட்டி இல்லாமல் காய்ச்சி, ஆறவைத்து, சல்லடையில் தேய்த்து, மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பசையின் சிறப்பு, ஐம்பது வருஷம் கழித்தும் ஒருவர் ஈரப்படுத்திப் பிரித்துவிடலாம். நாம் செய்த தப்பை அடுத்த தலைமுறை திருத்த வழி விட வேண்டாமா?

எங்கள் தோட்டத்தில் ஒருவர் சாமி படத்தை ரப்பர் பாலிலேயே ஒட்டினார். கையில் இருப்பது அதுதானே! இரண்டு வருஷத்தில் சாமி முகம் பழுப்பாகி, பால் பிசுபிசுத்துக் கீழே வந்துவிட்டது. (சிரிப்பு)

துணிக்கு வெளுக்காத காடாத் துணி போதும், மலாய்க் கடையில் பெலாச்சு என்பார்கள். முதலில் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும். ஈரமாக மரச்சட்டத்தில் இழுத்து அடிக்க வேண்டும். துணிக்கும் போஸ்டருக்கும் நடுவில் மெல்லிய ஜப்பானியக் காகிதம் ஒன்று. நேராகத் துணியில் ஒட்டினால் நெசவுத் தடம் படத்தில் தெரியும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் காற்றைத் தள்ளிக்கொண்டு போங்கள். பிறகு காய்வது. நம் நாட்டு ஈரக்காற்றில் இதற்குப் பொறுமை வேண்டும். வெயில் கூடாது, நேராக மின்விசிறியும் கூடாது. ரப்பர் ஷீட்டைப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டுக் காத்திருப்போமே, அதே மாதிரிதான். காய்ந்ததும் மேளத் தோல் மாதிரி விறைக்கும்.

ஓட்டை விழுந்த இடத்தில் வேறு காகிதம் வைத்து, அந்த ஒட்டுக்கு மட்டும் வண்ணம் தொட வேண்டும். அசல் காகிதத்தின் மேல் ஒரு புள்ளி கூட நான் வைப்பதில்லை. புதுசு போல ஆக்கித் தருகிறேன் என்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. போட்டோஸ்டேட் கடையில் லேமினேட் செய்வது அதைவிட மோசம், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் எடுக்க முடியாது. மாட்டும்போது ஜன்னல் எதிரே மாட்டாதீர்கள். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலம்தான் மிஞ்சும். பழைய கடைச் சுவரில் படமெல்லாம் நீலமாக இருப்பது அதனால்தான்.

தம்பி ‘பைத்தியம்’ என்றார். தமிழ்நாட்டில் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதியவர். புத்தகத்தோடு திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் எல்லாம் சேர்த்தார். ஊரில் அவரையும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். 1992-ல் அவர் காலமானார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமானது. இன்று தமிழ் சினிமாவைப் பற்றி ஆராய்கிறவர்கள் அங்கே போய் உட்காருகிறார்கள். நம் தோட்டங்களில் கடை வாசலில் தொங்கியதை எல்லாம் யார் சேர்த்தார்கள்? லயத்தை இடிக்கும்போது சுவரோடு போய்விட்டது. (கைதட்டல்)

‘நாடோடி மன்னன்’ இப்போது என் கூடத்தில் இருக்கிறது. மடிப்புத் தெரியும். தெரியட்டும், அது அப்பா மடித்த மடிப்பு.

ஐயா மணி அடித்துவிட்டார், ஒரு நிமிஷம். போன வாரம் பகாவிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. நலமா என்று கூடக் கேட்கவில்லை. “பின்னால எழுத்து இருந்தா துணி ஒட்டலாமா?” என்றார். “வேண்டாம்ண்ணே. இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி பாலியஸ்டர் உறை போட்டு வைக்கலாம்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “‘திருவிளையாடல்’ல அப்பா ஏதோ எழுதியிருக்கார்” என்றார். என்னவென்று கேட்டேன்.

“வந்து பாரு” என்றார். வருகிற சனிக்கிழமை போகிறேன்.