எர்த் பைப் மட்டும் போதாது

(திருவரங்குளம் வட்டாரப் பொதுமக்களுக்கான மின்பாதுகாப்பு உரையின் எழுத்து வடிவம்)



"எங்க வீட்டுல எர்த் போட்டிருக்குங்க, பயமில்லை." நம் பக்கத்தில் பலரும் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வீட்டோரம் சிமெண்ட் தொட்டி, அதற்குள் பைப், கரியும் உப்பும் போட்டு மூடியிருப்பார்கள். வேண்டியதுதான். ஆனால் அந்தப் பைப் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது பேஸ், நியூட்ரல் என்று இரண்டு கம்பி. மூன்றாவதான எர்த் உங்கள் வீட்டு மண்ணில்தான் தொடங்குகிறது. கிரைண்டருக்குள் வயர் உரசி, அதன் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரண்ட் எர்த் பைப் வழியாக இறங்கி, டிரான்ஸ்பார்மரின் எர்த் வரை மண்ணுக்குள்ளேயே போய்ச் சேர வேண்டும். மண் என்ன செம்புக் கம்பியா? வீட்டு எர்த்தின் தடை 30 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 5 ஓம் என்றால், 230-ஐ 35-ஆல் வகுங்கள். சுமார் 6.6 ஆம்பியர் வரும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது. அதைப் பொறுத்தவரை ஏதோ ஒரு வாட்டர் ஹீட்டர் ஓடுகிறது, அவ்வளவுதான். பழைய ஃப்யூஸ் கேரியரில் தடித்த கம்பி சுற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். கிரைண்டர் உடம்பில் 197 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். லைட் எரியும், ஃபேன் சுற்றும், எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து தொடுகிறவருக்குத்தான் தெரியும்.

நம்முடையது செம்புராங்கல் நிறைந்த பூமி. சித்திரை, வைகாசியில் காய்ந்து கிடக்கும்போது தடை இன்னும் ஏறும். தொட்டியில் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான். நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் ஊற்றி ஊற்றி 30 ஓமை 20 ஆக்கினாலும் 9 ஆம்பியர்தான் வரும். எம்.சி.பி. அப்போதும் விழாது.

விழ வைக்கிற கருவி ஒன்று இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்பார்கள். கடையில் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். இது பேஸில் போன கரண்டையும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கணக்கில் குறைந்தால், 0.3 வினாடிக்குள் லைனைத் துண்டித்துவிடும். கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் சீக்கிரம். உங்கள் எர்த்தின் தடை 100 ஓமாகவே இருந்தாலும், 30 மில்லி ஆம்பியருக்கு 3 வோல்ட்தான் வரும். அதாவது, மோசமான மண்ணிலும் எர்த் பைப்பைப் பயன்பட வைப்பதே இந்தக் கருவிதான். விலை ஒரு மிக்ஸி விலையைத் தாண்டாது.

புதிய மின் இணைப்புக்கு இது கட்டாயம் என்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. பழைய வீட்டுக்காரர்கள் யாரும் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாங்கும்போது ஐ.எஸ். 12640, 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்றும் விற்கிறார்கள். அவை உயிரைக் காப்பாற்றுகிற அளவு அல்ல. மூன்று பேஸ் மோட்டார் கொட்டகைக்கு நான்கு போல் உள்ளதைத் தனியாகப் போடுங்கள். மோட்டாரில் கசிவு என்றால் வீடு இருட்டாகாது. எம்.சி.பி.யைக் கழற்றிவிடாதீர்கள், ஓவர்லோடைப் பார்ப்பது அதுதான். இன்னொன்று: பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்கு எந்தக் குறையும் தெரியாது.

அடுத்து, ஒரு கெட்ட பழக்கம். நியூட்ரல் போய்விட்டால் எர்த்தில் கொடுத்து விளக்கை எரிய வைப்பது, அல்லது எர்த்தையும் நியூட்ரலையும் ஒன்றாக முடிந்துவிடுவது. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், உங்கள் ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் வரும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். கரண்ட் வந்தால் போதும் என்று அவசரத்தில் இழுத்த வயரிங் உங்கள் வீட்டில் இன்னும் அப்படியே இருந்தால், உரிமம் பெற்ற வயர்மேனை வைத்து ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுங்கள். துணி காயப்போடும் கம்பியை சர்வீஸ் பைப்பில் கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? போனில் மெயின் போர்டை ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 'டெஸ்ட்' என்று எழுதிய சின்ன பட்டன் இருந்தால் பெரும்பாலும் அதுதான். மாதத்துக்கு ஒருமுறை அதை அழுத்த போனில் நினைவூட்டல் வையுங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் கருவியை மாற்றுங்கள். ஆனால் அந்தப் பட்டன் எர்த் பைப்பைச் சோதிப்பதில்லை. அதைத் தனியாக மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், அதுவும் கோடையில்.

திடீரென்று ட்ரிப் ஆனால் தொந்தரவு என்று நேராக இணைத்துவிடாதீர்கள். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு மேலே தூக்குங்கள். ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதைத் தனியே வையுங்கள். எதுவும் செருகாமலே விழுந்தால் கோளாறு வயரிங்கில் இருக்கிறது, வயர்மேன் வரும்வரை தூக்க வேண்டாம். கம்பத்திலோ சர்வீஸ் வயரிலோ கோளாறு என்றால் நீங்கள் கை வைக்காதீர்கள். மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.