பிளேனில் உட்கார்ந்து போகிறவர்களுக்குச் சில வார்த்தை
(வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் சகோதரிகளுக்கான கூட்டத்தில் எமது சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரை)



ஒப்பந்தம், சம்பளம், கடவுச்சீட்டு பற்றியெல்லாம் உங்களுக்குப் பலரும் சொல்லியிருப்பார்கள். பிளேனுக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்கிறவர்கள் குறைவு. "உட்கார்ந்து போறதுக்கு என்னத்த சொல்லித்தர இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்து எடுக்கிறவர்களுக்கு உட்கார்வது ஓய்வு மாதிரித்தான் தோன்றும். ஆனால் ஏறி இறங்கிப் பழகின கால்களை மணிக்கணக்காக மடக்கி வைத்தால், கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஹட்டனில் இருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் நாலைந்து மணித்தியாலம். பதுளைப் பக்கம் என்றால் இன்னும் கூட. பிளேன் புறப்பட 3 மணித்தியாலத்துக்கு முன்பே வரச் சொல்வார்கள், அங்கேயும் கதிரையில் காத்திருப்புத்தான். பிறகு துபாய்க்கு நாலரை மணித்தியாலம் அளவில், ரியாத், குவைத் என்றால் ஐந்து, ஐந்தரை. எல்லாவற்றையும் கூட்டினால் 12 மணித்தியாலத்தைத் தாண்டிவிடும். போய் இறங்கியதும் ஓய்வு கிடைக்குமா என்பதும் உறுதியில்லை. அன்றைக்கே வேலைக்கு நிற்க வேண்டி வந்தவர்கள் உண்டு.

நாங்கள் நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகி இறுகித் தளர்கிறது. காலில் இருக்கும் இரத்தத்தை மேலே தள்ளிவிடுகிற பம்பு அதுதான். அசையாமல் இருந்தால் பம்பு நின்றுபோகும். பாதம் வீங்கும், செருப்பு இறுகும். இது பலருக்கும் வருவது, ஒரு நாளில் வடிந்துவிடும். சிலருக்கு மட்டும் காலின் உள் நரம்பில் இரத்தம் கட்டியாக உறைந்துவிடும். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. 4 மணித்தியாலத்துக்கு மேல் இப்படிப் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அதே கதைதான். நல்ல தேகசுகம் உள்ளவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்றது அந்த ஆய்வு. ஆகவே பயந்து நடுங்கத் தேவையில்லை.

ஆனால் அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், ஒப்பரேஷன் செய்தவர்கள், முன்பு காலில் இரத்தக்கட்டி வந்தவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், இவர்களுக்கு ஆபத்து கூட. இதை மறைக்காமல் புறப்படும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். "சொன்னா பயணம் நின்னுடுமோ" என்று மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கைக்குழந்தையை ஆத்தாவிடம் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறோம். இறுக்கமான காலுறை வேண்டுமா என்பதையும் டாக்டரே சொல்லட்டும், அளவு பிழைத்தால் அதுவே கெடுதி. அடுத்த வீட்டு அக்கா கொடுத்தார் என்று அஸ்பிரினோ தூக்க மாத்திரையோ போட வேண்டாம்.

இனி தண்ணீர் விஷயம். போய் வந்தவர்களில் பலர் எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: பிளேனில் அவர்கள் தண்ணீரே குடிக்கவில்லை. குடித்தால் மலசலகூடத்துக்குப் போக வேண்டும், போவதென்றால் பக்கத்தில் இருக்கிற ஆம்பளையை எழுப்ப வேண்டும், அது வெட்கம். இந்த வெட்கம்தான் உடம்பைக் கெடுக்கிறது. பிளேன் முப்பதாயிரம் அடிக்கு மேலே பறந்தாலும், உள்ளே காற்று 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கிற மாதிரித்தான் இருக்கும். நுவரெலியா டவுனே 6,000 அடிக்கு மேல். ஆகவே உயரம் எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. ஆனால் நுவரெலியாவில் மூடுபனியும் ஈரமும் உண்டு, பிளேனுக்குள் காற்று காய்ந்து கிடக்கும். உதடு வெடிக்கும், தொண்டை வறளும், தலை இடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். "வாட்டர் பிளீஸ்" என்றால் போதும். மலிவு டிக்கட் பிளேன் சிலதில் தண்ணீருக்கும் காசு கேட்பார்கள். அதனால் வெறும் போத்தல் ஒன்றைக் கொண்டுபோய், சோதனை முடிந்த பிறகு உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள்.

எழும்புவதற்கு "எக்ஸ்கியூஸ் மீ" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். முடிந்தால் சீட்டுப் போடும் இடத்திலேயே நடைபாதை ஓரத்து சீட்டைக் கேளுங்கள். ஜன்னல் வழியாகப் பார்க்க ஆசைதான், ஆனால் இரவுப் பயணத்தில் பார்க்க இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. மலசலகூடக் கதவு சிலதில் நடுவில் தள்ளினால் மடிந்து திறக்கும். உள்ளே தாழ்ப்பாள் போட்டால்தான் வெளிச்சம் நன்றாக வரும். பட்டனை அழுத்தினால் பெரிய சத்தம் வரும், பயப்பட வேண்டாம், அது காற்றால் உறிஞ்சுகிற சத்தம். சாப்பாட்டு வண்டி வரும் முன்பே போய்வந்துவிடுங்கள்.

பையைக் காலடியில் அடைக்காமல் மேலே வையுங்கள், அப்போதுதான் கால் நீட்ட இடம் இருக்கும். பாஸ்போர்ட்டும் காசும் மட்டும் உடம்போடு இருக்கட்டும். துவாய் ஒன்றைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வையுங்கள், கூடை சுமந்த முதுகுக்கு அது பெரிய உபகாரம். சுவெட்டரை மறக்க வேண்டாம், உள்ளே குளிரும். இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். வெற்றிலையும் வேண்டாம், துப்ப இடமில்லை! பிளேன் இறங்கும்போது காது அடைக்கும், டொபி ஒன்றை வாயில் போட்டு எச்சிலை விழுங்கிக்கொண்டிருங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகும், இரண்டொரு கிழமைக்குள்ளே ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் அதை அலுப்பு என்று விட்டுவிடக் கூடாது. திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது. வேலை செய்யும் வீட்டாரிடம் காலைக் காட்டி "ஹொஸ்பிட்டல்" என்று கேளுங்கள், பிளேனில் வந்ததையும் சொல்லுங்கள். வீட்டிலிருப்பவர்களும், போனில் "கால் வலிக்குது" என்று கேட்டால் தைலம் பூசச் சொல்லி முடித்துவிடாமல், எந்தக் கால், வீக்கம் உண்டா என்று விசாரியுங்கள்.

சரி, இப்போது பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களை மேலே தூக்குங்கள். இனி விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். இப்படி இருபது தரம். பிளேனில் விழித்திருக்கும் நேரமெல்லாம் அரை மணிக்கு ஒரு தடவை செய்ய வேண்டியது இதுதான். பின்வரிசையில் இருக்கிற அம்மாமாரும் செய்யலாம், சிரிக்க வேண்டாம். எண்ணுகிறோம், ஒன்று...