எலும்பின் நிழலும் உருவும்



எலும்பு என்றதும் நிலையாமையைப் பாடுவது புலவர் மரபு. இங்குப் பேசப்படுவதோ உயிரோடிருப்பவரின் எலும்பு.

1895 டிசம்பர் 22ஆம் நாள், செருமனியின் வூர்ட்சுபர்க் நகரில் வில்கெல்ம் ராண்ட்கன் தம் மனைவியின் கையை எக்ஸ் கதிரால் படம்பிடித்தார். விரலெலும்புகளும் மோதிரமும் தெரிந்தன, உலகம் வியந்தது. ஆயினும் அது நிழலே. முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழும் நிழலில் ஆழம் ஏது?

இழந்த ஆழத்தை மீட்கும் கணிதத்தை ஆலன் கார்மாக் 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்; பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. அவரை அறியாமலே இங்கிலாந்துப் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு கருவியைப் படைத்தார். 1971 அக்டோபர் 1ஆம் நாள் இலண்டனில் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் செய்யப்பெற்றது. 1979இல் நோபல் பரிசு இருவரையும் சேர்த்து வைத்தது.

வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிவதுபோல் இக்கருவி உடலைக் காட்டும், கத்திதான் இல்லை. வில்லையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்குச் சுழி, காற்றுக்குக் கழித்தல் 1000, எலும்புக்குப் பல நூறு, கெட்டியானதெனில் 1000க்கும் மேல். வில்லைகளை அடுக்கி, ‘இந்த எண்ணுக்கு மேற்பட்டதெல்லாம் எலும்பு’ எனக் கணிப்பொறிக்கு எல்லை வகுத்தால் முப்பரிமாண உருவம் எழும். அண்டையிலுள்ள எட்டெட்டுப் புள்ளிகளை எடுத்துச் சிறு முக்கோணங்களால் எலும்பின் பரப்பை நெய்யும் முறையை லோரன்சனும் கிளைனும் 1987இல் வெளியிட்டனர்.

விபத்தில் இடுப்பு மூட்டின் கிண்ணம் நொறுங்கியவரை எண்ணுக. தொடையெலும்பின் தலை பந்துபோல் அமர்ந்து அக்கிண்ணத்தை மறைத்து நிற்கும். திரையில் அப்பந்தை அகற்றிவிட்டுக் கிண்ணத்தினுள்ளேயே பார்க்கலாம்: துண்டுகள் எத்தனை, எவை விலகின, முன்பக்கம் திறப்பதா, பின்பக்கமா? முன்னர் அறுவை மருத்துவர் தட்டையான படங்களை மனத்திலேயே அடுக்கி இவற்றை ஊகித்தார். அதுவும் ஒரு கற்பனை வன்மைதான்!

ஆனால் எல்லை வகுப்பவர் மனிதர். கண்குழியின் அடித்தளம் மிக மெல்லியது; எல்லை சற்று உயர்ந்தால் அங்கே இல்லாத ஓட்டை தோன்றும். தாழ்ந்தால் உள்ள மயிரிழை விரிசல் மூடிக்கொள்ளும். வழுவழுப்பான அவ்வுருவம் தன் பொய்யைத் தானே சொல்லாது. ஆகவேதான் தேர்ந்த மருத்துவர், திரையில் சுழலும் அழகிய உருவத்தை நிறுத்திவிட்டு, கத்தியைத் தொடுமுன் பழைய வில்லைப் படங்களை ஒவ்வொன்றாக மீண்டும் பார்க்கிறார்.