ஒரு சொல்லும் ஒரு கடிதமும்



ஆங்கிலத்தில் 'இக்ரீஜியஸ்' என்றொரு சொல் உண்டு. அடிக்கடி காதில் விழாத சொல். அதை நான் கற்றுக்கொண்டது பயிற்சிக் கல்லூரியில் அல்ல. இந்தத் தோட்டத்து லயத்தில்.

சில ஆண்டுகளுக்கு முன், பால்மரம் வெட்டும் அண்ணன் ஒருவர் ஒரு கடிதத்தோடு வந்தார். பட்டணத்தில் தொழில் பழகப் போயிருந்த மகனைப் பற்றியது. "வாத்தியாரே, என்னா எழுதியிருக்குன்னு பாருங்க" என்றார். இரண்டே வரி. மகனுடைய 'இக்ரீஜியஸ்' நடத்தை பற்றிப் பேச நேரில் வரவும் என்றிருந்தது. எனக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. பழைய அகராதியைப் புரட்டினேன். முதலில் போட்டிருந்த பொருள், 'தலைசிறந்த'. அடுத்த வரியைப் பார்க்காமலே, "பையனைப் புகழ்ந்து எழுதியிருக்காங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன். மனிதர் வெள்ளை வேட்டி கட்டி, ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

இரவு திரும்பியவர் என்னைத் திட்டவில்லை. "அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தமும் இருக்காம் வாத்தியாரே" என்றார். பழம் கையிலேயே இருந்தது. மகன் என்ன செய்தான் என்பது இங்கே வேண்டாம். நான் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'எ' என்றால் வெளியே. 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையை விட்டுத் தனித்து நிற்பது என்று பொருள். பிள்ளைகள் அறிந்த 'செக்ரிகேஷன்', 'காங்கிரிகேஷன்' என்ற சொற்களுக்கும் இந்த மந்தைதான் வேர். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அது பாராட்டுச் சொல். 1590-இல் அச்சான மார்லோவின் 'டாம்பர்லேன்' நாடகத்தில் அப்படித்தான் வருகிறது. ஷேக்ஸ்பியரோ 'சிம்பலின்' நாடகத்தில் அதைக் கொலைகாரன் என்ற சொல்லோடு சேர்த்துவிட்டார். கேலியாகப் புகழ்ந்து புகழ்ந்தே பொருள் கெட்டிருக்கும் என்று கருதுகிறார்கள். 1755-இல் ஜான்சன் தம் அகராதியில் இரண்டு பொருளையும் கொடுத்து, கெட்ட பொருளே வழக்கம் என்று குறித்துவிட்டார். இத்தாலியில் மட்டும் இன்றும் கடிதத்தின் தொடக்கத்தில் 'எக்ரேஜியோ' என்று மரியாதையாக எழுதுகிறார்கள்!

நம்ம தமிழிலும் இது உண்டே. சங்க நூல்களில் 'நாற்றம்' என்றால் நறுமணம். இன்று யாரையாவது பார்த்து அப்படிச் சொல்லிப் பாருங்கள்!

இப்போது ஆங்கிலத்தில் தவறு, பொய், அநியாயம் போன்ற சொற்களுக்கு முன்னேதான் 'இக்ரீஜியஸ்' வரும். சாதாரணத் தவறுக்கு அல்ல. ஊரே பார்த்து முகம் சுளிக்கும் தவறுக்கு. என் தவறு எந்த வகை என்று அந்த அண்ணனைத்தான் கேட்க வேண்டும்.

அந்த அகராதி பள்ளி அலமாரியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில், இரண்டாவது பொருளுக்குக் கீழே, பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மாணவர்கள் எடுத்துப் பார்க்கலாம்.