மேற்கோளும் மேன்மையும்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் முதியோர்க்கு மண்டபம் முகாம் என்னும் பெயர் மறக்கற்பாலதன்று. தமிழகத்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட அவர்தம் முன்னோர் கடலைக் கடக்குமுன் அம்முகாமிற் சில நாள் நிறுத்திவைக்கப்பட்டனர். அதற்கு ஒரு காரணம் வாந்திபேதியைப் பற்றிய அச்சம். அதற்கும் முன்னர், கோப்பிப் பயிரின் காலத்தில், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்துவந்தவர்களுட் பலரை அந்நோய் வழியிலேயே கொண்டுபோயிற்று. காலையில் நடந்தவன் மாலையில் மடிந்தான். ஏன் மடிந்தான் என்று சொல்ல வல்லார் அக்காலத்தில் எவருமிலர்.

1884ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ரொபேட் கோக் கல்கத்தாவில் ஆராய்ந்து, வாந்திபேதியை விளைவிப்பது காற்புள்ளி போல் வளைந்த ஒரு கிருமி என நிலைநாட்டினார். எனினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. அக்கிருமி குடலோடு நின்றுவிடுகிறது. இரத்தத்திற் புகுந்து உடலெங்கும் பரவுவதில்லை. அவ்வாறிருக்கச் சில மணி நேரத்துள் ஒரு மனிதனின் உடல் நீர் முழுவதையும் அது எவ்வாறு வடித்துவிடுகிறது? இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. விடை கண்டவர் சம்புநாத் டே என்னும் வங்காள மருத்துவர். அவர் எழுதிய கட்டுரைகளையும், உலகம் அவற்றை எண்ணிப் பார்த்த முறையையும் பற்றியதே இப்பேச்சு.

டே 1915ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், எளிய குடும்பத்திற் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர் இலண்டன் சென்று, நோயியல் அறிஞர் ரோய் கமரனின் கீழ் ஆராய்ந்து 1949இற் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். கல்கத்தாவின் மருத்துவமனைகளில் வாந்திபேதி நோயாளர்க்குக் குறைவில்லை. ஆராய்ச்சிக் கருவிகளோ மிகக் குறைவு.

அக்காலத்து ஆய்வாளர் பலர் கிருமியை விலங்குகளின் வயிற்றறையிலோ இரத்தத்திலோ செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் மாண்டன, ஆயினும் அம்மரணம் வாந்திபேதியை ஒத்திருக்கவில்லை. நோய் குடலில் நிகழ்கிறதெனின் குடலிலேயே தேடுதல் வேண்டும் என்று டே கருதினார். முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுட் கிருமி வளர்ந்த நீரைச் செலுத்தினார். மறுநாட் பார்த்தபோது அப்பகுதி, நோயாளர் வெளியேற்றும் அரிசி கழுவிய நீர் போன்ற திரவம் நிறைந்து பருத்திருந்தது. கிருமி செலுத்தப்படாத பகுதியோ சுருங்கியபடியே கிடந்தது. நூலும் முயலும் பொறுமையும் கொண்டு செய்த இப்பரிசோதனையைச் சட்டர்ஜி என்பவருடன் சேர்ந்து 1953இல் ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார்.

அடுத்த படி அதனினும் நுட்பமானது. கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, ஒரு கிருமியும் இல்லாதவாறு செய்து, அத்தெளிவை மட்டும் குடலிற் செலுத்தினார். அப்பொழுதும் குடல் நீரால் நிறைந்தது. எனவே நோயை விளைப்பது கிருமி வெளிவிடும் ஒரு நஞ்சு என்பது தெளிவாயிற்று. இம்முடிபு 1959ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' சஞ்சிகையில், அவர் ஒருவர் பெயரிலேயே, மிகச் சுருங்கிய கட்டுரையாக வெளிவந்தது.

உலகம் உடனே வியந்ததா எனின், இல்லை. முதற் சில ஆண்டுகள் அக்கட்டுரையை எடுத்துக்காட்டியோர் மிகச் சிலரே. நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க டே முயன்றார். அதற்கு வேண்டிய வசதிகள் அவருக்குக் கைகூடவில்லை. 1969இல் அமெரிக்காவில் பிங்கெல்ஸ்டைனும் அவர்தம் துணைவரும் அதனைப் பிரித்தெடுத்தனர். அதன் பின்னரே, உடற்கலங்கள் செய்திகளை எவ்வாறு ஏற்கின்றன என்று ஆராய்ந்தோர்க்கும் அந்நஞ்சு ஒரு கருவியாயிற்று. டேயின் கட்டுரையைத் தேடிப் படிப்போர் தொகையும் பெருகியது.

விஞ்ஞானக் கட்டுரை எழுதுவோர், தாம் எவரெவர் பணியின் மீது நின்று பேசுகின்றனர் என்பதை அக்கட்டுரையிலேயே குறிப்பது மரபு. அக்குறிப்பே மேற்கோள் எனப்படும். ஒரு கட்டுரையைப் பிற்காலத்தார் எத்தனை முறை குறித்தனர் என்று எண்ணினால் அதன் செல்வாக்கை அறியலாம் என்று 1955இல் எழுதியவர் அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட். 1964 முதல் அவர்தம் நிறுவனம் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை முறையாக வெளியிடலாயிற்று. இன்று அவ்வெண்ணிக்கையைக் கணினிகள் நொடியிற் செய்கின்றன. வேலைக்கு ஆள் எடுப்போரும், பதவி உயர்த்துவோரும், பணம் ஒதுக்குவோரும் அந்த எண்ணை முதலிற் கேட்கும் வழக்கம் பல நாடுகளிற் பரவியுள்ளது.

அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை ஓர் உவமையால் விளக்கலாம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் நெடுஞ்சாலை பெரகலச் சந்தியிற் கிளை பிரிகிறது. ஒரு வழி அப்புத்தளை, பண்டாரவளை நோக்கி ஏறுகிறது. மற்றொன்று கொஸ்லந்தை, வெல்லவாய நோக்கி இறங்குகிறது. அச்சந்தியில் ஒருவன் நின்று வாகனங்களை எண்ணுகிறான் என்று கொள்வோம். விடியற்காலை மூடுபனியில் எண்ணினால், இது ஆளரவமற்ற இடம் என்று எழுதிக்கொள்வான். நண்பகலில் எண்ணினால், மாகாணத்தின் வாயில் இதுவே என்று எழுதுவான். இரண்டு எண்ணிக்கையும் பிழையல்ல. ஆயினும் சாலையை அமைத்தவன் திறமையை இரண்டும் சொல்லமாட்டா. டேயின் கட்டுரையை 1962இல் எண்ணியவன் மூடுபனியில் எண்ணியவனாவான்.

மேற்கோள் எண்ணிக்கை ஏமாற்றும் இடங்கள் வேறு சிலவும் உண்டு. உயிரியற் கட்டுரைகளுள் மிகப் பெருந்தொகையான மேற்கோள் பெற்றது, புரதத்தை அளக்கும் முறை ஒன்றைப் பற்றி ஒலிவர் லவ்றி என்பவர் 1951இல் வெளியிட்ட கட்டுரை. 2014இற் கணக்கெடுத்தபோது அது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றிருந்தது. அது சிறந்த கட்டுரையன்று என்பதை லவ்றியே அறிந்திருந்தார். எல்லோர் கைக்கும் வேண்டிய அளவுகோலைத் தந்தமையால் எல்லோரும் அதனைக் குறித்தனர்.

இதற்கு மாறாக, ஓர் உண்மை பொதுவறிவாகிவிட்டால் அதனைக் கண்டவர் பெயர் மறைந்துபோகும். வாந்திபேதிக்குக் காரணம் ஒரு நஞ்சு என்று இன்று பாடநூல் எழுதுவோர் டேயைக் குறிப்பதில்லை. வெற்றி முற்றுப்பெற்றதனாலேயே மேற்கோள் நின்றுவிடுகிறது. இன்னும், 2005இல் ஹோர்கே ஹேர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் வகுத்த சுட்டெண் ஒன்று உண்டு. பத்துக் கட்டுரைகள் தலைக்குப் பத்து மேற்கோளேனும் பெற்றிருந்தால் அவ்வெண் பத்து. ஒரே கட்டுரை எழுதி ஆயிரம் மேற்கோள் பெற்றவருக்கோ அவ்வெண் ஒன்றுதான். பலவற்றைச் சிறிது சிறிதாகச் செய்தவரை அது உயர்த்தும். ஒன்றை முழுதாகச் செய்தவரை அது காணாது.

ஆகவே எண்ணிக்கையைத் தள்ளிவிடலாமா எனின், அதுவும் முறையன்று. டேயின் வரலாறே அதற்குச் சான்று. 1973இல் அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் வாழ்நாளில் இந்தியாவின் பெரிய விஞ்ஞானக் கழகங்கள் எவையும் அவரைத் தம் உறுப்பினராகத் தெரிந்தெடுக்கவில்லை. நொபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பேர்க் அப்பரிசுக்கு டேயின் பெயரை ஒரு முறைக்கு மேல் முன்மொழிந்தார்; பரிசு கிட்டவில்லை. 1978இல் வாந்திபேதி பற்றிய நொபெல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். 1985 ஏப்ரல் 15ஆம் நாள் காலமானார். அடுத்த ஆண்டு, மேற்கோள் அட்டவணையை ஆக்கிய கார்பீல்டே, வாந்திபேதி ஆராய்ச்சியின் மேற்கோள்களைப் படம்போல் வரைந்து, அவற்றின் வேர் கல்கத்தாவின் டேயிடம் இருப்பதை எடுத்துக்காட்டினார். 1990இல் 'கரன்ட் சயன்ஸ்' என்னும் இந்தியச் சஞ்சிகை அவர் பெயரிற் சிறப்பிதழ் வெளியிட்டது. மனிதர் மறந்ததை எண் நினைவூட்டிற்று. ஆனால் அந்த நினைவு வந்தபோது அவர் இல்லை.

எண் நல்ல சாட்சி. காலந்தாழ்த்தி வரும் சாட்சி. அதனை நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்துவதே தவறு. ஒருவர் உயிரோடிருந்து உழைக்கும் காலத்தில் அவர் பணியை மதிப்பிட வேண்டுமாயின் அவர் எழுதியதை எடுத்துப் படித்தல் வேண்டும். அதற்கு வேறு குறுக்குவழி இல்லை. 1959இற் சிலரேனும் அந்தச் சிறு கட்டுரையை ஊன்றிப் படித்து, அதன் ஆசிரியருக்கு வேண்டிய கருவிகளை வாங்கிக் கொடுத்திருப்பின், நஞ்சைப் பிரித்தெடுக்கும் பணியும் கல்கத்தாவிலேயே நிறைவெய்தியிருத்தல் கூடும்.

இன்று தோட்ட மருந்துச்சாலையில், வயிற்றோட்டங் கண்ட குழந்தைக்கு 'ஜீவனி' என்னும் பொடியை நீரிற் கரைத்துக் கொடுக்கின்றனர். உப்பும் சர்க்கரையும் கூடிய அந்நீர் டேயின் கட்டுரையிலிருந்து நேராகப் பிறந்ததன்று. டாக்காவிலும் கல்கத்தாவிலும் வேறு பல மருத்துவர் உழைத்துக் கண்டது. 1971இல் வங்காள அகதி முகாம்களில் டிலிப் மகலனபிஸ் அதனைக் கொடுத்து எண்ணற்றோரைக் காத்தார். எனினும், வாந்திபேதியிற் குடற்சுவர் அழிவதில்லை, நஞ்சு நீரை வெளியேற்றும்போதும் அச்சுவர் சர்க்கரையோடு உப்பையும் நீரையும் உள்ளிழுக்க வல்லது என்ற ஒரே தெளிவிலேயே இவ்விரு பணிகளும் வந்து கூடுகின்றன. குழந்தைக்கு அந்நீரைப் புகட்டும் தாய் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் மேற்கோள் எழுதப்போவதில்லை. எந்த அட்டவணையிலும் அவள் கணக்கு ஏறாது. ஆயினும் மன்னார்க் காட்டுவழியில் மாண்டவர்களின் வழித்தோன்றலாகிய அக்குழந்தை பிழைத்தெழுகிறது. ஆராய்ச்சியின் பயனை அளக்க விரும்புவோர் அந்தக் குழந்தையையும் ஒருமுறை நோக்குவாராக.