முன்சக்கரமா, பின்சக்கரமா?



முன்பு என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவன் சென்ற மாதம் என் இல்லம் தேடி வந்தான். "ஐயா, கார்ப் பந்தயம் பழக விரும்புகிறேன். முன்சக்கரங்களால் உந்தப்படும் வண்டி நல்லதா, பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டி நல்லதா?" என்று வினவினான். விடை கூறுமுன் என் பிழையொன்றை அவனுக்குச் சொன்னேன்.

1989ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், பழைய அம்பாசிடர் ஒன்றைக் கோடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஓட்டி வந்தேன். பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவு. சாலையெங்கும் நனைந்த சருகு. வேகத்தைக் குறைக்க எண்ணிச் சட்டென்று இரண்டாம் கியருக்கு மாற்றினேன். வண்டியின் பின்புறம் வழுக்கிப் பள்ளத்தை நோக்கித் திரும்பிற்று. ஓரச் சுவர் தடுத்தது, பிழைத்தேன்.

காரணம் எளிது. அம்பாசிடரில் எஞ்சின் பின்சக்கரங்களோடு பிணைக்கப்பட்டுள்ளது. இறக்கத்தில் பாரம் முன்னே சாய்வதால் பின்சக்கரங்களின் பிடிப்புக் குறைகிறது. அந்நேரத்தில் எஞ்சினும் அவற்றை இழுத்துப் பிடித்தது, அவை வழுக்கின.

டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் போன்றது. திருப்புவதற்குச் செலவிட்டது போக மிஞ்சியதே உந்துவதற்கு உதவும். 1983இல் வெளிவந்த மாருதி 800 போன்ற வண்டிகளில் இரு செலவும் முன்சக்கரங்களின் தலையிலேயே விழுகின்றன. மிகுதியாக முடுக்கினால் வண்டி வளைவுக்கு வெளியே நேராக ஓடப் பார்க்கும். முடுக்கியை மெல்லத் தளர்த்தினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

பின்சக்கர வண்டியில் செலவு பங்கிடப்படுகிறது. ஏற்றத்தில் பிடிப்பும் கூடுகிறது. ஆனால் அளவு மீறினால் பின்புறம் விலகும். அது விலகும் பக்கமே ஸ்டீயரிங்கை உடனே, அளவோடு திருப்ப வேண்டும். பழகாத கைக்கு அது கடினம்.

ஆகவே, "முதலில் இலேசான முன்சக்கர வண்டியில் தொடங்கு. வளைவுக்கு முன்பே வேகம் தணிக்கவும், பார்வையைத் தொலைவில் செலுத்தவும் கற்றுக்கொள். பிறகு பின்சக்கர வண்டிக்குச் செல். கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டியதும் பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டியே" என்றேன்.

"நம் மலைச்சாலையிலேயே பழகலாமா, ஐயா?" என்றான்.

"கூடாது! வளைவுக்கு அப்பால் காய்கறி லாரி வரலாம்; பள்ளிப் பிள்ளைகளும் நடந்து வரலாம். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைச் செட்டிபாளையத்திலும் பந்தயக் களங்கள் உள்ளன. அங்கே நீ தவறினால் பாடம் கற்பாய், இங்கே தவறினால் பிறர் உயிர் போகும்" என்றேன்.

அவன் எனக்கு வாக்களித்துச் சென்றான். அவ்வாக்குறுதியை உங்களிடமும் வேண்டுகிறேன்.