வாய்ப்பாடும் நம் வீட்டுத் தமிழும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்பர் நம் முன்னோர். தாயகத்தை விட்டுத் தலைநகரில் குடியேறியுள்ள நாம், எழுத்தைக் காக்க ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகின்றோம். ஆனால் எண்ணை மறந்துவிட்டோம். நம் குழந்தைகள் பள்ளியில் ‘பஹாடா’ படிக்கின்றனர். அல்லது ஆங்கிலத்தில் பெருக்குகின்றனர். ஊரிலிருந்து வந்த பாட்டி, “எட்டேழு எவ்வளவு?” என்று கேட்டால் பேரப்பிள்ளை விழிக்கின்றான். விடை அவனுக்குத் தெரியும், வினாத்தான் புரியவில்லை.

நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி தலையாய பாடமாக இருந்தது. சட்டாம்பிள்ளை முன்சொல்ல, மற்றவர் பின்சொல்வர். முழு எண்களோடு கால், அரைக்கால், மாகாணி ஆகிய கீழ்வாய் எண்களுக்கும் வாய்ப்பாடு உண்டு. மாகாணி என்பது பதினாறில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் அது கடைவீதிக் கணக்கு. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பதின்ம நாணயம் வந்தபின் அதன் தேவை குறைந்தது. வடநாட்டாரிடமும் இம்மரபு உண்டு. ஒன்றேகாலின் மடங்குகளை அவர்கள் ‘ஸவையா’ என்பர். வங்காளத்தார் வாய்ப்பாட்டை ‘நாம்தா’ என்பர். மனக்கணக்கு எல்லா நாட்டாருக்கும் பொதுச் செல்வம்.

எனினும் தமிழெண்ணுக்கு ஒரு தெளிவு உண்டு. எழுபத்தொன்பது என்னும் சொல்லில் எழுபதும் ஒன்பதும் செவிக்கே புலனாகின்றன. இந்தியில் அவ்வெண் ‘உன்யாசீ’. எண்பதுக்கு ஒன்று குறைவு என்பது பொருள். அதனைத் தனியே நினைவில் கொள்ளவேண்டும். மேலும், ஓரேழு, ஈரேழு, மூவேழு, நாலேழு, ஐயேழு என்று ஓதும் குழந்தை, ஒன்று ‘ஓர்’ ஆவதையும், இரண்டு ‘ஈர்’ ஆவதையும், ஐந்து ‘ஐ’ ஆவதையும் இலக்கண நூலைத் திறவாமலே கற்றுவிடுகின்றது. ஒரே முயற்சியில் கணக்கும் தமிழும் கைவருகின்றன.

வாய்ப்பாடு பெருஞ்சுமை என்று அஞ்சவேண்டா. ஒன்றும் பத்தும் எளியவை. அவற்றை நீக்கினால் இரண்டு முதல் ஒன்பது வரை 64 பெருக்கங்கள். மூவெட்டும் எண்மூன்றும் ஒன்றே என்று உணர்ந்தால் அவை 36 ஆகச் சுருங்கும். இரண்டையும் ஐந்தையும் முதலில் கற்பிப்போம். இரண்டை இரட்டித்தால் நான்கு. நான்கை இரட்டித்தால் எட்டு. பின்னர் மூன்று; அதனை இரட்டித்தால் ஆறு. ஒன்பதின் மடங்குகளில் 18, 27, 36 என்று தொண்ணூறு வரை இரு இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்பதே. இறுதியில் பிள்ளைகள் அஞ்சும் ஏழுக்கு வந்தால், புதிதாகக் கற்க எஞ்சுவது ஏழேழு நாற்பத்தொன்பது ஒன்றே!

வரிசையாக ஒப்புவிப்பது மட்டும் போதாது. இடையிடையே மாற்றிக் கேட்கவேண்டும். “ஐம்பத்தாறு எவற்றின் பெருக்கம்?” என்று திருப்பியும் கேட்கவேண்டும், அதுவே வகுத்தலுக்கு வாயில். இதற்கு நம் வீடே பள்ளி. தட்டுக்கு நான்கு குழியென ஐந்து தட்டில் இட்டலி எத்தனை? வரிசைக்கு எட்டென ஆறு வரிசைக் கோலத்தில் புள்ளி எத்தனை? விடுமுறைக்கு ஒன்பது வாரம் உண்டெனில் நாள் எத்தனை? தவறினால் கடிதல் வேண்டா. மீண்டும் எண்ணச் செய்வோம்.

பள்ளிமொழியை விலக்குக என்று நாம் கூறவில்லை. அம்மொழியிலேயே நம் மக்கள் தேர்வெழுதவேண்டும். அதிலும் அவர்கள் சிறக்கட்டும். ஆயினும் மனிதன் தனக்குள் எண்ணும் மொழி எதுவோ, அதுவே அவன் உள்ளத்துக்கு அணுக்கமான மொழி. எண்ணுஞ் சொற்கள் நாவைவிட்டு அகன்றால், அடுத்த தலைமுறையில் நாளும் விலையும் வயதும் தமிழில் சொல்லப்படமாட்டா.

ஆகவே, ஞாயிறு வகுப்பில் கால்மணி நேரம் வாய்ப்பாட்டுக்கு ஒதுக்குமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம். அன்னையரே, மாலையில் விளக்கேற்றியபின் நாளுக்கொரு வாய்ப்பாட்டைக் குழந்தையோடு சேர்ந்து சொல்லுங்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருப்பின், அவர்களே சட்டாம்பிள்ளை ஆகட்டும். அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையிலே நம் சிறுவர்கள் ஒரே குரலில் தமிழ் வாய்ப்பாடு முழங்கக் கேட்போமாக!